மொட்டை மாடி வானிலை நிலையம்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம், காற்று, மழை எல்லாவற்றையும் ஒரே கம்பத்தில் அளக்கும் தானியங்கி நிலையம் ஒன்று எங்கள் மொட்டை மாடியில் சில வருடங்களாக நிற்கிறது. வாங்கலாமா என்று கேட்பவர்களிடம், எதற்கு என்றுதான் முதலில் கேட்பேன். இன்று எவ்வளவு பெய்தது என்று பார்க்கவா? தாராளமாக வாங்கலாம். ஊரின் காலநிலை மாறுகிறதா என்று பார்க்கவா? அப்படியானால் கருவியைவிட அது நிற்கும் இடம்தான் முக்கியம்.

வானிலைத் துறை நிலையங்களில் வெப்பமானிகள் ஸ்டீவன்சன் பெட்டிக்குள் இருக்கும். வெள்ளை பெயின்ட் அடித்து, நாலு பக்கமும் சாய்வுச் சட்டங்கள் வைத்த மரப்பெட்டி அது. புல்தரைக்கு மேல் ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில் நிற்கும். எனக்கு வாய்த்ததோ சிமென்ட் தளம். பகலில் வாங்கிய சூட்டை அது இரவிலும் விட்டுக்கொண்டே இருப்பதால், குறைந்தபட்ச வெப்பநிலை தூக்கலாகவே பதிவாகிறது. காற்றே இல்லாத மே மாத மதியங்களில் வெயில் படாமலிருக்க சென்சாரைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் தட்டுகளும் போதவில்லை. ஆனாலும் இடத்தை மாற்றப் போவதில்லை. மாற்றினால் பழைய பதிவுகளோடு ஒப்பிடவே முடியாது.

காற்றுவேகத்தைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. அதை அளக்க வேண்டியது திறந்தவெளியில், 10 மீட்டர் உயரத்தில்.

மழைதான் சுவாரசியம். 0.2 மி.மீ. சேர்ந்ததும் உள்ளே ஒரு குட்டி வாளி கவிழும். கவிழ்ந்த தடவைகளை எண்ணி மழையளவு வரும். தூறலுக்குச் சரி. ஐப்பசி அடைமழையில், வாளி கவிழும் அந்த நொடிக்குள் விழும் தண்ணீர் கணக்கில் வராமல் போகும். அதனால் பக்கத்திலேயே சாதாரண மழைமானி ஒன்றும் வைத்திருக்கிறேன். கனமழை நாட்களில் அதைத்தான் நம்புவேன்.

அப்புறம், இந்த நேரக்கணக்கு. நிலையத்தின் ஆப் மழையை நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை கூட்டும். வானிலைத் துறை காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை கணக்கிடும். 2023 டிசம்பர் 18 அன்று காயல்பட்டினத்துக்குச் சொன்ன 95 செ.மீ., முந்தைய நாள் காலையிலிருந்து பெய்த மழை. இது தெரியாமல் வாட்ஸப் குழுக்களில் எத்தனை சண்டைகள்!

பராமரிப்பு எளிது, ஆனால் ஓயாது. புனலில் பறவை எச்சம், வேப்பஞ்சருகு, வாளிக்கடியில் எறும்பு. ஈரப்பத சென்சார் நாளாக ஆகத் தடுமாறுகிறது. மழை கொட்டும்போதும் 90 சதவீதத்தைத் தாண்ட மறுத்தது. சென்சாரை மட்டும் தனியாக மாற்ற முடியுமா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். என்னுடையதற்கு உதிரிபாகம் கிடைக்கப் பெரும்பாடு ஆயிற்று.

காலநிலைச் சராசரிக்கு 30 வருடப் பதிவுகள் வேண்டும். இப்போதைய அளவுகோல் 1991 முதல் 2020 வரை. என் நிலையம் அதன் பக்கத்தில்கூட வராது. ஆனாலும் ஒரு நோட்டில் எல்லாம் குறித்து வருகிறேன்: பேட்டரி மாற்றிய தேதி, வேப்பமரம் கழித்த தேதி, பக்கத்து வீட்டில் மாடி எழும்பிய மாதம். பின்னால் வெப்பநிலைக் கோடு திடீரென ஏறினால், ஏறியது ஊரா, பக்கத்துச் சுவரா என்று பிரித்துப் பார்க்க வேறு வழி கிடையாது.

செலவழிக்க யோசிப்பவர்கள் சாதாரண மழைமானி மட்டும் வாங்கினால் போதும். சுவரின் உயரத்தைப்போல இரண்டு மடங்காவது தள்ளி வைத்து, தினமும் காலை 8.30-க்கு அளந்து எழுதுங்கள்.