ஜீவனாம்ச பாக்கி வாங்க 'பார்டர் ஃபீஸ்' கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்

பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோபாலபுரம் பக்கத்துப் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். குழந்தைக்கு மாதாமாதம் பணம் கொடுக்கச் சொல்லி கோர்ட் உத்தரவு இருந்தும் பணம் வராமல் தவிப்பவர்கள் முழுதாகப் படியுங்கள். பெண் கேரளப் பக்கம், மாப்பிள்ளை தமிழ்நாட்டுப் பக்கம் என்ற குடும்பங்கள் இங்கே நிறைய. பொள்ளாச்சி, கோயம்புத்தூர் வரை பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊர்கள் இவை. கல்யாணத்தின்போது யாரும் செக்போஸ்டை ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. குடும்பம் முறிந்த பிறகு அதே செக்போஸ்டைக் காட்டித்தான் என்னிடம் பணம் பிடுங்கினார் ஒருவர்.

என் மகனுக்கு மாதம் 6,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று பாலக்காட்டில் உத்தரவு வாங்கினேன். சில மாதங்கள் வந்தது. மகனின் அப்பா பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு நின்றுவிட்டது. போன் எடுப்பதில்லை. அவர் வீட்டாரிடம் கேட்டால், "அவன் எங்க இருக்கான்னு எங்களுக்கே தெரியாதுங்க" என்கிறார்கள். ஸ்கூல் பஸ்ஸுக்கும் மருந்துக்கும் என் அம்மாதான் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் ஒரு கோர்ட் வளாகத்துக்கு வெளியே மனு எழுதிக் கொடுக்கும் ஓர் ஆளை எங்கள் தெருக்காரர் அறிமுகப்படுத்தினார். வக்கீலும் இல்லை, வக்கீல் குமாஸ்தாவும் இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. தமிழும் மலையாளமும் சரளமாகப் பேசுவார். எங்கள் வீட்டில் தமிழ்தான், நான் படித்ததும் தமிழ் மீடியம். மலையாளம் நன்றாகப் பேசுவேன், ஆனால் கோர்ட் காகிதத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பதற்குள் நாள் போய்விடும். எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காவில் என்னைப் போல எத்தனையோ பேர். இப்படிப்பட்ட ஆட்கள் எங்களை நம்பித்தான் பிழைக்கிறார்கள்.

"ஆளு தமிழ்நாட்டுல இருக்காருங்க அம்முணி. கேரளா ஆர்டர் அங்க செல்லாது. ஸ்டேட் மாத்தோணும், அதுக்கு கவர்மெண்டுக்கு ஃபீஸ் கட்டோணும்" என்றார்.

முதலில் உத்தரவின் நகல் எடுக்க என்று வாங்கினார். அப்புறம் ஸ்டேட் மாற்றும் கட்டணம். அப்புறம் வாரண்ட் கட்டணம், அந்தப் பக்கத்து போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பும் செலவு. பணம் வசூலானால் அதில் பத்து சதவீதம் அரசாங்கத்துக்குப் போகும், அதற்கு முன்பணம் என்று இன்னொரு தொகை. எல்லாம் சேர்த்து 20,000 ரூபாய்க்கு மேல் போயிற்று. அம்மாவின் கம்மலை அடகு வைத்துக் கொடுத்த பணம் அது. ரசீது கேட்டால் ஏதோ ஒரு ரப்பர் ஸ்டாம்ப் குத்திய வெள்ளைத்தாளைத் தருவார்.

நான் சந்தேகப்பட்டபோதெல்லாம் அவர் ஒரு செய்தியை எடுத்து நீட்டினார். 2024 பட்ஜெட்டில் கேரள அரசு குடும்ப நீதிமன்றக் கட்டணத்தை உயர்த்தியது உண்மை. வக்கீல்கள்கூடப் போராட்டம் நடத்தினார்கள். ஆனால் அந்த உயர்வு சொத்து கேட்டுப் போடும் வழக்குகளுக்கானது. குழந்தைக்கு ஜீவனாம்சம் கேட்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பாதி உண்மையைக் காட்டி ஏமாற்றுபவரை அடையாளம் காண்பது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

பணம் போனதைவிடப் பெரிய நஷ்டம் அவர் சொன்ன யோசனையால் வந்தது. "இப்ப மனு போட்டா சில்லறைத் தொகைதானுங்க. ஒண்ணு ரெண்டு வருசம் சேரட்டும். மொத்தமா லட்சக்கணக்குல போட்டா கோர்ட்டே பயந்து வாரண்ட் குடுக்கும்" என்றார். தயவுசெய்து இதை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவுதான் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144ஆம் பிரிவாக இருக்கிறது. அதன்படி, ஒரு மாதத்துப் பணம் வரவேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட்டால்தான் அந்த மாதத்துப் பணத்தை வசூலிக்க வாரண்ட் கேட்க முடியும். வருடம் தாண்டிய மாதங்களுக்கு இந்த வழி அடைபட்டுவிடும். அவர் பேச்சைக் கேட்டுக் காத்திருந்ததில் என் மகனுக்கு வரவேண்டிய ஆரம்ப மாதங்கள் அப்படித்தான் போயின.

எங்கள் குடும்பஸ்ரீ அயல்கூட்டத்துக்கு (பெண்கள் சுயஉதவிக் குழு) வந்த ஒரு டீச்சரால்தான் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. இலவச சட்ட உதவி தரும் சட்டப்பணிக் குழுவின் தன்னார்வலராகவும் அவர் இருக்கிறார். நான் கொண்டுபோன தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதிலே கேஸ் நம்பர் எவிடே மோளே?" (எங்கே மகளே?) என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த ஆளிடம் போன் போட்டுக் கேட்டேன். "நம்பர் வர லேட் ஆகும்" என்றார். அடுத்த நாளிலிருந்து என் நம்பரை எடுக்கவே இல்லை. சட்டப்பணி ஆணைய அலுவலகத்தில் விசாரித்தபோது என் பெயரில் எந்த மனுவும் போடப்படவே இல்லை என்று தெரிந்தது. வாரண்டும் இல்லை, ஸ்டேட் மாற்றமும் இல்லை. வாங்கிய பணம் எல்லாம் அவர் பைக்குள்.

அதன் பிறகு எனக்கு விளக்கிச் சொல்லப்பட்டதை அப்படியே உங்களுக்கும் சொல்கிறேன்.

கேரளாவில் வாங்கிய ஜீவனாம்ச உத்தரவு தமிழ்நாட்டிலும் செல்லும். இது மத்தியச் சட்டம். அதே சன்ஹிதாவின் 147ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: பணம் கொடுக்க வேண்டியவர் எந்த ஊரில் இருக்கிறாரோ, அந்த ஊர் மாஜிஸ்திரேட்டே, ஆள் அவர்தான், பணம் பாக்கிதான் என்று திருப்தி அடைந்தால் உத்தரவை நிறைவேற்றலாம். பார்டர் என்று ஒரு கட்டணமே கிடையாது. அதே பிரிவு, உத்தரவின் நகலை அது யாருக்குச் சாதகமாக வந்ததோ அவருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. என்னிடம் முதன்முதலாகக் காசு வாங்கியதே அந்த நகலுக்குத்தான். இதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

வசூலாகும் தொகையில் அரசாங்கத்துக்கு சதவீதம் போகும் என்பதும் பொய். முழுப் பணமும் குழந்தைக்குத்தான்.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. 1987 சட்டப்பணி ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு அது. வக்கீல் ஃபீஸ் மட்டுமல்ல, கோர்ட் கட்டணம், நோட்டீஸ் அனுப்பும் செலவு எல்லாம் அதில் அடங்கும். 15100 என்ற இலவச எண்ணுக்குப் போன் செய்தால் உங்கள் பக்கத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்வார்கள். கூலி வேலைக்குப் போகிறவர்தான் கேட்கலாம், ரேஷன் கார்டு இந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்றெல்லாம் பெண்களுக்கு நிபந்தனை கிடையாது.

இன்னொரு பயமும் காட்டினார் அந்த ஆள். "அவரை ஜெயில்ல போட்டா பாக்கி தீர்ந்துரும், அப்புறம் உங்களுக்கு ஒண்ணும் கெடைக்காது" என்று. பணம் கட்டாதவரை ஒரு மாதம் வரை சிறையில் வைக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் சிறைக்குப் போய்வந்ததால் பாக்கி கழியாது என்று உச்ச நீதிமன்றம் குல்தீப் கவுர் வழக்கிலேயே சொல்லிவிட்டது.

இப்போது சட்டப்பணி ஆணையம் கொடுத்த வக்கீல் மூலம் மனு போட்டிருக்கிறோம். ஒரு வருடத்துக்குள் அடங்கும் மாதங்களுக்கு வாரண்ட் கேட்டிருக்கிறோம். இனி தவறும் மாதங்களை இதன் தொடர்ச்சியாகவே கேட்கலாமாம். 2013இல் பூங்கொடி–தங்கவேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு வழிகாட்டியிருக்கிறது. அதனால்தான் சின்னத் தொகையாக இருந்தாலும் முதல் மனுவை உடனே போட்டுவிடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கைவிட்டுப்போன மாதங்களுக்கு, சிவில் தீர்ப்பை நிறைவேற்றுவது போல நிறைவேற்றக் கேட்கும் வழி இருக்கிறது. 2020இல் வந்த ரஜ்னேஷ்–நேஹா தீர்ப்பு அதைச் சொல்கிறது. நேரம் பிடிக்கும் என்றார் வக்கீல். பரவாயில்லை, அது என் மகனுடைய பணம், கேட்கத்தான் போகிறேன்.

வாரண்ட் போனாலும் "ஆள் இல்லை" என்று திரும்பி வருவதுதான் இந்த எல்லையில் பெரிய தொல்லை. எனவே அவர் வேலை செய்யும் இடத்தின் பெயர், முகவரி, போட்டோ, வண்டி நம்பர் எதுவானாலும் சேர்த்து வையுங்கள். கம்பெனி வேலையென்றால் சம்பளத்தையே ஜப்தி செய்யக் கேட்கலாம். ஜீவனாம்சத் தீர்ப்புக்கு சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் விலக்கு உண்டு. என் வழக்கில் கம்பெனியின் விவரம் கொடுத்த பிறகுதான் அவர் வக்கீல் வைத்து கோர்ட்டுக்கே வந்தார்.

யாராவது உங்கள் வழக்கைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னால் கேஸ் நம்பரையும், ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக உள்ள, எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் பதினாறு வரும் சி.என்.ஆர். எண்ணையும் கேட்டு வாங்குங்கள். கோர்ட் வழக்கு விவரம் பார்க்கும் இகோர்ட்ஸ் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா என்றைக்கு என்று உங்கள் போனிலேயே தெரியும், அதற்குக் காசு இல்லை. வெற்று முத்திரைத்தாளில் கையெழுத்துக் கேட்டால் போடவே போடாதீர்கள். என்னிடமும் கேட்டார். "அண்ணா வந்து படிச்சுப் பார்க்கட்டும்" என்று அம்மா தடுத்துவிட்டார்.

அந்த ஆள் மீது போலீசில் புகார் கொடுத்திருக்கிறேன், வெள்ளைத்தாள் ரசீதுகளையும் போன்பே விவரங்களையும் சேர்த்து. என்னைப் போலவே அவரிடம் பணம் கொடுத்த பெண்கள் வேறு யாரும் இருந்தால் நீங்களும் புகார் கொடுங்கள். கையில் ரசீது இல்லாவிட்டாலும் பணம் அனுப்பிய மெசேஜ் போதும், அதை அழித்துவிடாதீர்கள்.