சேஞ்ச் சிக்னேச்சர்: நெடுநாள் புழக்கத்தில் தெரிபவை

நாற்பது இடங்களில் அழைக்கப்படும் ஒரு மெத்தடின் சிக்னேச்சரை (அதன் பெயர், பாராமீட்டர்கள், அவற்றின் வரிசை) கையால் மாற்றிவிட்டு, கம்பைலர் காட்டும் பிழைகளை ஒவ்வொன்றாகத் துரத்துவது அலுப்பான வேலை. கோடு எழுதும் கருவிகளான இன்டெலிஜேயில் கண்ட்ரோல்-எஃப்6, எக்லிப்ஸில் ஆல்ட்-ஷிஃப்ட்-சி அழுத்தி சேஞ்ச் சிக்னேச்சர் வசதியைத் திறந்தால் அதே வேலை நிமிடத்தில் முடிகிறது. வேகத்துக்கு மட்டும் மதிப்பெண் என்றால் முழுசாகவே போடலாம். பாதுகாப்புக்கு? கம்பைல் ஆகாமல் அடம்பிடிக்கும் மாற்றத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. சத்தமில்லாமல் கம்பைல் ஆகிவிடுகிற மாற்றம்தான் வயிற்றில் புளியைக் கரைக்கும்.

புதிய பாராமீட்டர் சேர்ப்பதில் தொடங்கலாம். இன்டெலிஜே டயலாகில் டிஃபால்ட் வேல்யூ என்றொரு கட்டம் இருக்கும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஜாவாவில் அது ஒவ்வொரு அழைப்பிலும் அப்படியே ஒட்டப்படும் எக்ஸ்பிரஷன், அவ்வளவுதான். அதில் ஃபால்ஸ் என்று போட்டால் நாற்பது இடங்களிலும் ஃபால்ஸ் உட்கார்ந்துகொள்ளும், அது சரியா என்று யாரும் யோசித்திராமலே. மேலிருந்து மதிப்பு வர வேண்டிய இடங்களுக்கு ப்ராபகேட் பாராமீட்டர்ஸ் உதவும்: அழைக்கும் மெத்தட்களிலும் அதே பாராமீட்டரைச் சேர்த்துக் கடத்தும்.

டெஸ்ட்களில் ஒரு தனிக் கண்ணி. டெஸ்ட்டுக்குப் போலி ஆப்ஜெக்ட்களைத் தரும் ஜாவா லைப்ரரியான மொக்கிட்டோவில், எந்த மதிப்பு பொருந்தும் என்று சொல்லும் எனி, ஈக்கு போன்ற மேட்சர்கள் இருக்கும் அழைப்பில் கருவி வெறும் ஃபால்ஸைச் சேர்த்துவிடும். கம்பைல் ஆகும், ஓட்டினால் விழும். ஒரு ஆர்குமென்ட்டுக்கு மேட்சர் கொடுத்தால் எல்லாவற்றுக்கும் கொடுக்க வேண்டும் என்பது மொக்கிட்டோவின் விதி. ஓட்டியவுடன் தெரிந்துவிடும் என்பதால் இது சின்னத் தொல்லைதான்.

பெரிய தொல்லை வரிசை மாற்றம். பணம் மாற்றும் மெத்தடில் அனுப்புபவர் கணக்கு, பெறுபவர் கணக்கு என இரண்டு ஸ்ட்ரிங். இரண்டையும் இடம் மாற்றினால் கருவி தன் கண்ணில் பட்ட எல்லா அழைப்புகளையும் திருத்திவிடும். இன்னொருவரின் பிராஞ்சில் பழைய வரிசையில் புதிதாக எழுதிய ஓர் அழைப்பு இருந்தால்? வேறு ஃபைல் என்பதால், மாற்றங்களை ஒன்றுசேர்க்கும் கிட் மோதல் காட்டாது. டைப் ஒன்றே என்பதால் கம்பைலரும் வாய் திறக்காது. பணம் எதிர்த்திசையில் போகும். இதற்கு மருந்து எளிது: ஒரே டைப் பாராமீட்டர்களை இடம் மாற்றும்போது அதே டயலாகில் மெத்தட் பெயரையும் மாற்றிவிட வேண்டும். பழைய அழைப்பு மெர்ஜ் ஆனதும் கம்பைலரில் மாட்டிக்கொள்ளும்.

இதன் தம்பி இன்னும் நுட்பமானவன். ஜாவா ஆர்குமென்ட்களை இடமிருந்து வலமாகக் கணக்கிடும். இரண்டு ஆர்குமென்ட்டும் ஒரே இட்டரேட்டரின் நெக்ஸ்ட் அழைப்பு என்று வையுங்கள். இடம் மாற்றினாலும் அந்த வரியில் ஓர் எழுத்துகூட மாறாது. மாற்றங்களைக் காட்டும் டிஃப்பில் ஒன்றும் தெரியாது. ஆனால் முதலில் படித்த மதிப்பு இப்போது வேறு பாராமீட்டருக்குப் போகிறது. பாராமீட்டரை நீக்கும்போதும் இதே கவலை உண்டு. ஆர்குமென்ட் எக்ஸ்பிரஷன் போனால் அதன் பக்கவிளைவும் போகும். கோ மொழிக்கான எடிட்டர் துணைக்கருவி கோப்ளஸ் (gopls), பயன்படாத பாராமீட்டரை நீக்கும்போது பக்கவிளைவுள்ள ஆர்குமென்ட்டை விட்டுவிடாமல் வைத்துக்கொள்கிறது. மற்ற கருவிகளில் ப்ரிவ்யூவைத் திறந்து கண்ணால் பார்ப்பதுதான் வழி.

ரிஃப்ளெக்‌ஷன் (ஓடும்போது பெயரை வைத்து மெத்தடை அழைப்பது), டெம்ப்ளேட், கான்ஃபிக் ஃபைலில் ஸ்ட்ரிங்காக இருக்கும் மெத்தட் பெயர் ஆகியவற்றை நம்பகமாகப் பிடிக்கும் கருவி கிடையாது. மெத்தட் பெயரை வெறும் டெக்ஸ்டாக ஒருமுறை தேடிவிடுவது நல்லது. பைத்தானில் ரோப் லைப்ரரி, பைசார்ம் எடிட்டர் இரண்டிலும் சிக்னேச்சர் மாற்றும் வசதி உண்டு. டைப் குறிப்பு இல்லாத கோடில் அவை ஊகத்தில்தான் வேலை செய்யும் என்பதால் அங்கே நம்பிக்கை பாதிதான்.

லைப்ரரி என்றால் கணக்கே வேறு. பழைய சிக்னேச்சருக்குக் கம்பைல் செய்த ஜார் (கம்பைல் ஆன ஜாவா கோடின் தொகுப்பு), லைப்ரரியின் புதிய ஜாரோடு ஓடும்போது நோசச்மெத்தட்எரர் வீசும். அங்கே பழைய மெத்தடை டெலிகேட்டாக, அதாவது புதியதை அழைக்க மட்டும், வைத்திருக்கும் விருப்பத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எக்லிப்ஸில் அதை டெப்ரிகேட்டட் (இனி பயன்படுத்த வேண்டாம்) என்று குறிக்கவும் கட்டம் இருக்கிறது. பிறகு ஆற அமர பழையதை இன்லைன் செய்தால், அதாவது அழைப்பின் இடத்தில் அதன் உடலையே வைத்தால், அழைப்புகள் தாமாகவே புதியதற்கு நகரும். ரிஸ்க்கான மாற்றம் எல்லாவற்றுக்குமே இந்த இரண்டு படி வழி டயலாகைவிட மேல். பல ரெப்போக்களில் பரவிய ஜாவா கோடுக்கு, ரெசிப்பி எனும் விதிகளின்படி கோடைத் தானாக மாற்றும் ஓப்பன்ரீரைட் பொருந்தும். ஆர்குமென்ட் நீக்க, வரிசை மாற்ற ஆயத்த ரெசிப்பிகள் உண்டு. ட்ரை ரன் செய்தால் கோடைத் தொடாமல் பேட்ச் ஃபைல் மட்டும் தரும்.

தொடங்கும் முன் கமிட் செய்யாத மாற்றம் எதுவும் இருக்கக்கூடாது. எல்லா மாட்யூல்களும் திறந்திருக்க வேண்டும். திறக்காததில் உள்ள அழைப்பு கருவிக்குத் தெரியாது. ப்ரிவ்யூவில் ஜெனரேட்டட் ஃபோல்டர் வந்தால் விலக்கிவிடுங்கள், அடுத்த பில்டில் எப்படியும் அழியும். முடிந்ததும் டெஸ்ட்களையும் சேர்த்து முழு பில்ட் போட்டு, வேறெதையும் கலக்காமல் தனி கமிட்டாக்கி, கருவியில் என்ன செய்தோம் என்பதை மெசேஜில் எழுதி வையுங்கள். உங்கள் கமிட்களைப் புதிய கோடின் மேல் நகர்த்தும் ரீபேஸில் மோதல் வந்தால் ஐம்பது ஃபைலைக் கையால் சரிசெய்ய உட்கார வேண்டாம். அந்தக் கமிட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதிய அடித்தளத்தின் மேல் கருவியையே மறுபடி ஓட்டலாம்.