ஒன்பதாவது வளைவைத் தாண்டிய ஜீப்: எம்எம்540-உடன் நாலு வருஷம்

ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு ஏறும் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். வண்டி வாங்கிய புதிதில் என் ஜீப் ஒன்பதாவது வளைவோடு நின்றுவிட்டது. லோம்ஸ் வியூ பாயின்டில் எல்லாரும் அணையைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருக்க, நான் பானெட்டைத் தூக்கிவிட்டு ஆவி அடங்கக் காத்திருந்தேன். மேலே பாறையில் ஒரு வரையாடு. என்னைப் போல எத்தனை பேரைப் பார்த்ததோ, கண்டுகொள்ளவே இல்லை.

வண்டி 1994 மாடல் மஹிந்திரா எம்எம்540. பியூஜோவின் எக்ஸ்டிபி 4.90 டீசல் இன்ஜின், 2112 சிசி. வாங்கி நாலு வருஷத்தில் 22,000 கிலோமீட்டர் ஓட்டியாச்சு. வண்டியைக் குறை சொல்ல மாட்டேன். கால் நூற்றாண்டுக்கு மேல் யார் யாரோ அதற்குள் ஊற்றியதும் அதிலிருந்து பிடுங்கியதும்தான் என் தலையில் விடிந்தது.

முதலில் போன பட்டறையில் பத்தே நிமிஷத்தில் தீர்ப்பு வந்தது. "தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டுடலாங்க, சரியாப் போயிரும்." இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரைத் தடுத்து வைக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது உட்காரும் ஹவுசிங்கைத் திறந்து பார்த்தால் உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. எனக்கு முன்னாடியே யாரோ அந்த வைத்தியத்தைச் செய்து முடித்திருக்கிறார்கள்.

அப்புறம்தான் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன்: எந்த ரோடு, எந்த கியர், சூடு காட்டும் முள் எங்கே. ஒரு மாசத்தில் விஷயம் பிடிபட்டது. நின்றாலோ ஊர்ந்தாலோ சூடேறி, கொஞ்சம் வேகம் எடுத்ததும் முள் இறங்கினால் கோளாறு காற்றுப் பக்கம். வேகமாகப் போகும்போதும், மேட்டில் இழுக்கும்போதும் ஏறிக்கொண்டே போனால் தண்ணீர்ப் பக்கம். என் வண்டியில் இரண்டும் இருந்தன. ஒரு பொருளை மாற்றிவிட்டு "சரியாகலையே" என்று அலுத்துக்கொள்கிற எல்லாரும் முதலில் இந்த நோட்டு வேலையைச் செய்யலாம், காசு செலவில்லை.

இன்னும் இரண்டு சோதனைகளை முதலிலேயே முடித்துக்கொண்டேன். இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஸ்டார்ட் செய்து, தண்ணீரில் தொடர்ந்து குமிழி வருகிறதா என்று பார்த்தேன். வந்தால் ஹெட் கேஸ்கட் மேல், அதாவது இன்ஜின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகட்டின் மேல், சந்தேகப்படலாம். வரவில்லை, ஆயிலும் பால் கலந்தாற்போல் இல்லை. அடுத்து, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை ஹவுசிங்கில் காட்டிப் பார்த்தால், முள் சொல்வதைவிட நிஜச் சூடு பத்து டிகிரி குறைவு. சென்சாரை மாற்றியதில் பாதி பயம் போனது.

மீதிப் பாதிக்கு கோவை உக்கடம் பக்கம் ஒரு ரேடியேட்டர் பட்டறை. அங்கே இருந்த பெரியவர் பற்றவைத்த ஈயத்தை உருக்கி மேல் டேங்கைப் பிரித்தார். குழாய்களுக்குள் வெள்ளையாக உப்பு படிந்து, மூன்றில் ஒரு பங்கு முழுக்க அடைத்திருந்தது. தண்ணீரை மொண்டு ஊற்றிக் காட்டினார். "ஊத்துற வேகத்துக்கு இறங்கோணும் தம்பி. இது பாருங்க, குளம் மாதிரி நிக்குது." கீழ் டேங்கைத் திறந்தால் மஞ்சளாகச் சேறு. விரலால் எடுத்து மோந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "உள்ள சாம்பாரே வெச்சிருக்காங்க." ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடும் பழைய கைவைத்தியம். ஒழுகல் நிற்கும், கூடவே குழாயும் அடைபடும்.

உப்பு எங்கிருந்து வந்தது என்பதில் ரகசியம் எதுவுமில்லை. சிறுவாணித் தண்ணீரின் ருசியைப் பற்றி மணிக்கணக்கில் பெருமை பேசும் ஊர்க்காரர்கள், ரேடியேட்டருக்கு மட்டும் போர் தண்ணீரைப் பிடித்து ஊற்றுவோம்.

இங்கேதான் நான் ஒரு தப்பு செய்தேன். குழாய்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய தகடுகளான ஃபின்கள் கையோடு உதிர்கின்றன, குழாயும் ஃபின்னும் சேர்ந்த நடுப்பகுதியான ‘கோர்’ முழுவதையுமே மாற்றிவிடலாம் என்று பெரியவர் சொன்னார். நான் சிக்கனம் பார்த்து, கம்பி விட்டுச் சுத்தம் செய்தால் போதும் என்றேன். செய்து கொடுத்தார். ஆறே மாசத்தில் நாலு இடத்தில் கசிவு. திரும்பப் போய் நின்றபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார், அவ்வளவுதான். இரண்டு வரிசைக்குப் பதில் மூன்று வரிசைச் செம்புக் கோர் போட்டோம். மேட்டில் சூடேறும் தொல்லை அதோடு தீர்ந்தது.

ஊரும்போது ஏறும் சூடு மட்டும் போகவில்லை. லோ ரேஞ்சில், அதாவது மெதுவாக அதிக இழுவையோடு போகும் கியரில், சேற்றில் கால் மணி நேரம் போனால் முள் எழுந்துவிடும். காரணம் மாசக்கணக்கில் என் கண் முன்னாடியே இருந்தது, அதாவது இல்லாமல் இருந்தது: ஃபேனைச் சுற்றி இருக்க வேண்டிய கூடு, ஷ்ரவுட். அது இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காது. பக்கவாட்டில் கிடக்கும் சூடான காற்றையே சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருக்கும். ரோட்டில் வேகமாகப் போகும்போது எதிர்காற்று காப்பாற்றிவிடும், சேற்றில் அதற்கு வழியில்லை.

டிங்கரிங் பட்டறையில் தகடு வெட்டிச் செய்யச் சொன்னேன். ஃபேன் இறக்கையில் பாதி ஷ்ரவுட்டுக்கு உள்ளே, பாதி வெளியே. நுனிக்கும் தகட்டுக்கும் ஒரு அங்குல இடைவெளி. இதுதான் கணக்கு. நான் கெட்டிக்காரத்தனமாக அரை அங்குலம் போதும் என்றேன். முதல் பள்ளத்தில் சேஸிஸ் முறுக்கி இன்ஜின் ஆடியதும் டர்ரென்று இறக்கை தகட்டில் உரசிய சத்தத்தில் கூட வந்தவர்கள் குதித்து இறங்கிவிட்டார்கள். வெட்டிச் சரி செய்தேன். மொத்தம் 1,200 ரூபாய். நான் செய்ததிலேயே மலிவான வேலை இதுதான், பலன் அதிகமும் இதில்தான்.

இதற்கு முன்னால் எலக்ட்ரிக் ஃபேன் ஒன்றும் மாட்டிப் பார்த்தேன், நண்பர்கள் சொன்னார்கள் என்று. வண்டிக்கு மின்சாரம் தரும் பழைய ஆல்டர்னேட்டரால் அதையும் ஹெட்லைட்டையும் சேர்த்துச் சுமக்க முடியவில்லை. ராத்திரியில் ஃபேன் சுற்ற ஆரம்பித்தால் வெளிச்சம் மங்கும். இரண்டு மாசத்தில் கழற்றிவிட்டேன். கிரில்லுக்கு முன்னால் அழகுக்கு நின்ற நாலு பெரிய விளக்குகளும் போயின. காற்றை மறைத்ததைத் தவிர அவை வேறெதுவும் செய்யவில்லை.

தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட்டேன். வாங்கியதை அப்படியே மாட்டாமல், பால் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டரையும் வைத்துச் சூடாக்கினேன். 82 என்று பொறித்திருந்தது. 83-ல் மெல்ல வாய் திறந்தது. பாத்திரம் என்னோடு ஷெட்டுக்கு வந்துவிட்டது, வீட்டில் அதை மறுபடி அடுப்பில் ஏற்ற விடவில்லை. தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓட்டும்போது மார்கழிக் காலையில் இன்ஜின் சூடாகவே அரை மணி நேரமாகும், அதுவரை வெள்ளைப் புகை. இப்போது அந்தப் புகையும் இல்லை, டீசலும் கொஞ்சம் மிச்சம்.

ரேடியேட்டர் மூடியை யாரும் மதிப்பதில்லை. மூடி தாங்கும் ஒவ்வொரு பிஎஸ்ஐ அழுத்தத்துக்கும் கொதிநிலை சுமார் ஒன்றரை டிகிரி உயரும். வால்பாறை உயரத்தில், அதாவது 3,500 அடியில், வெறும் தண்ணீர் ஏறத்தாழ 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஸ்பிரிங் தளர்ந்த மூடியோடு மலை ஏறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்காக அதிக அழுத்தம் தாங்கும் மூடியையும் போடக்கூடாது, பழைய ஈயப் பற்றுகள் விட்டுவிடும். அந்த வண்டிக்குச் சொன்ன அளவிலேயே புதிது வாங்கி, தரையைப் பார்த்துத் தொங்கிய ஓவர்ஃப்ளோ குழாயை ஒரு டப்பாவுக்குள் விட்டேன்.

கூலன்ட் பச்சை ரகம், பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறேன். முதல் தடவை ஊற்றிய வாரமே மூன்று ஹோஸ் முனைகளில் கசிந்தது. அதுவரை உப்பு அடைத்துக் காத்த ஓட்டைகள். கீழ் ஹோஸையும் அப்போதே மாற்றினேன். ஆக்சிலரேட்டரை மிதித்தால் அது உறிஞ்சப்பட்டுச் சப்பையாகிக்கொண்டிருந்தது. புதியதில் உள்ளே கம்பிச் சுருள் இருக்கிறது.

சேற்றில் இறங்கி வந்த நாளன்று ரேடியேட்டரைக் கழுவாமல் விடுவதில்லை. இன்ஜின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி, மெதுவான தண்ணீரில் கழுவ வேண்டும். முன்னாலிருந்து பிரஷர் கன் அடித்தால் சேறு இன்னும் உள்ளே போய் உட்காரும், ஃபின்னும் மடங்கும்.

சித்திரை வெயிலில், பின்னாலிருந்து காற்றடிக்கும் மேட்டில், இப்பவும் முள் கொஞ்சம் ஏறத்தான் செய்கிறது. காற்றுக்கு முகம் காட்டி நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, இன்ஜினை ஐடிலில் ஐந்து நிமிஷம் விட்டால் இறங்கிவிடும். மூடியைத் தொடுவதில்லை.

போன மாசம் வால்பாறை போனோம். ஒன்பதாவது வளைவில் படம் எடுக்க நிறுத்தச் சொன்னார்கள், நான் நிறுத்தவில்லை. இறங்கும்போது பார்த்துக்கலாம் என்றேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஷெட் தரையில் பச்சையாக இரண்டு சொட்டு. வாட்டர் பம்ப் அடியில் சின்னதாக ஒரு துளை உண்டு. உள்ளே சீல் போனால் அதன் வழியாகத்தான் தெரியவரும். புது பம்ப் வாங்கி வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாட்ட வேண்டும்.