பெரிய ஹேட்ரியனா, சின்ன ஓநாயா?

ரோமானியக் காசு ஒன்று வாங்கப் போய், இரண்டு வாங்கி, ஒன்றை விற்றும்விட்டேன். விற்றது பேரரசர் ஹேட்ரியன் காலத்து செஸ்டர்டியஸ் என்ற பெரிய காசு. கையில் இருப்பது, பேரரசர் கான்ஸ்டன்டைன் கி.பி. 330-ல் புதுத் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளைத் திறந்த கையோடு வெளியிட்ட ‘ஊர்ப்ஸ் ரோமா’ (ரோம் நகரம்) சில்லறைக் காசு.

கம்பீரத்தில் போட்டியே இல்லை. செஸ்டர்டியஸ் சுமார் 25 கிராம் பித்தளை. நான்கு சேர்ந்தால் டெனாரியஸ் என்ற வெள்ளிக் காசு ஒன்று. தலைப் பக்கம் தாடிக்காரப் பேரரசர். பூப் பக்கம் அவர் சுற்றிவந்த மாகாணங்களில் ஒன்று: எகிப்து என்றால் கிலுகிலுப்பையோடு சாய்ந்திருக்கும் பெண், எதிரே ஓர் அரிவாள்மூக்கன். சின்னது ஏறக்குறைய 2.5 கிராம்தான். அதில் பேரரசர் முகமே கிடையாது. ஒரு பக்கம் தலைக்கவசத்தோடு ரோமா தேவி, மறுபக்கம் ரோமை நிறுவியதாகச் சொல்லப்படும் இரட்டைக் குழந்தைகளுக்குப் பாலூட்டும் ஓநாய், மேலே இரண்டு நட்சத்திரம். தலைநகரை மாற்றியவர் பழைய ஊரான ரோமைத் தாஜா செய்ய அடித்த காசு என்றே எனக்குப் படுகிறது.

எனக்கு விஷயத்தை முடித்துவைத்தது உளி. நூற்றாண்டுக் கணக்கில் மண்ணில் கிடந்த காசில் தலைமுடியும் ஆடை மடிப்பும் பெரும்பாலும் மழுங்கித்தான் இருக்கும். பெரிய காசுக்கு விலையே அந்த நுணுக்கத்தில்தான். அதனால் யாரோ ஒருவர் இந்தக் காலத்தில் உட்கார்ந்து மறுபடி செதுக்குகிறார். என் செஸ்டர்டியஸை ‘லேசாகச் சுத்தம் செய்தது’ என்றுதான் சொல்லி விற்றார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால், எழுத்தைச் சுற்றி மட்டும் தளம் பள்ளமாகச் சுரண்டியிருந்தது. முடிக்கோடுகளின் பள்ளத்தில் காலத்தால் படியும் பழைய களிம்பே இல்லை, பூசிய பச்சை நிறம். அச்சில் அடித்த கோடு புடைத்து எழும்பும், இவை கீறியவை. நான் மாதக்கணக்கில் ரசித்த சுருள்முடி, எந்த ரோமானியனும் செதுக்கியதே இல்லை!

சின்னக் காசு ஓர் ஓட்டல் சாப்பாட்டு விலை. அதற்குப் போய் யாரும் மணிக்கணக்கில் உளி பிடிப்பதில்லை. ஓநாயின் முகம் தேய்ந்திருக்கிறது. தேய்ந்தது தேய்ந்தபடியே இருக்கிறது. அச்சில் அடிக்காமல் உருக்கி ஊற்றிய வார்ப்புப் போலிகள் இதிலும் வரும், ஓரத்தில் ஒட்டுக்கோடு தெரிகிறதா என்று பாருங்கள்.

பராமரிப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். வெளிர்பச்சைப் பொடி கிளம்பினால் குளோரைடு உப்பு உலோகத்தை அரிக்கிறது என்று அர்த்தம். ஈரம் ஆகாது, பிவிசி பிளாஸ்டிக் உறையும் ஆகாது.

ஒரே ஒரு செஸ்டர்டியஸை வைத்து மொத்த இனத்தையும் பழிக்க மாட்டேன். கையில் பணம் சேர்ந்தால், முகம் மழுங்கியது என்று மற்றவர்கள் ஒதுக்கிய ஒன்றை இன்னமும் வாங்குவேன்.