சித்தன்னவாசலா, திருமயமா?

புதுக்கோட்டையில் ஒரு பகல் மட்டும் கையில் இருந்தால், நான் சித்தன்னவாசலுக்குத்தான் போகச் சொல்வேன்.

அங்கே பாறையைக் குடைந்த சமணக் கோயிலான அறிவர் கோயிலின் விதானத்து ஓவியத்தை அண்ணாந்து பாருங்கள். தாமரைக்குளம், மீன்கள், யானைகள், பூப்பறிக்கும் துறவிகள். பல இடங்களில் வண்ணம் உதிர்ந்துவிட்டது. மிச்சமிருப்பதே மனதை நிறைக்கிறது. அவசரமாக வெளியே வராதீர்கள், அரையிருட்டுக்குக் கண் பழகிய பிறகே தூண்களில் உள்ள ஆடல் மகளிர் தெளிவாகத் தெரிவார்கள். குன்றேறினால் ஏழடிப்பட்டம் என்னும் குகை: வழவழவென்று செதுக்கிய சமணர் படுக்கைகள், தமிழி (தமிழ் பிராமி) எழுத்துகள். வெயிலுக்கு முன்பே ஏறிவிடுங்கள், பாறை சுடும். பேருந்தை நம்புவதைவிட ஆட்டோ பேசிக்கொள்வது நல்லது.

திருமயம் காரைக்குடிச் சாலையிலேயே இருப்பதால் பேருந்தில் போவது சுலபம். 1687இல் இராமநாதபுரம் மன்னர் சேதுபதி கட்டிய கோட்டை, உச்சியில் பீரங்கி, அடிவாரத்தில் அடுத்தடுத்துச் சிவனுக்கும் பெருமாளுக்கும் குடைவரைகள். ஓடியாடும் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இதுதான் பொருத்தம். கோயில்கள் நண்பகலில் நடை சாத்திவிடும், காலையிலேயே போய்விடுங்கள்.

எதைத் தேர்ந்தாலும் திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். 1910இல் தொடங்கியது, செப்புத் திருமேனிகளும் காசுகளும் அங்கே உண்டு. வெள்ளிக்கிழமை விடுமுறை.