எங்கட வீட்டு லைனுக்கு ஒத்துவந்த மோடம்

டெலிபோன் லைனால டயல் பண்ணி இன்டர்நெட் எடுத்த காலத்துல எழுதினது இது, மோடம் எண்டுறது அந்த லைனையும் கம்ப்யூட்டரையும் இணைக்கிற சாமான். கல்லடியில எங்கட வீட்டுல ரெண்டு மோடம் பாவிச்சாச்சு, ஒண்டு செத்துட்டு மற்றது நாலு மாசமா நல்லா ஓடுது, அதால வீட்டுக்கு இன்டர்நெட் எடுக்கப்போறாக்கள் கடைக்குப் போக முன்னம் இத ஒருக்கா வாசிங்க.

முதல் வாங்கினது கம்ப்யூட்டருக்கு உள்ளுக்குப் போடுற பிசிஐ கார்ட் மோடம். டவுனுக்குள்ள ஒரு கடையில "எல்லாம் 56 கே தான் தம்பி, ஒரே சாமான்" எண்டு தந்தாங்க, 56 கே எண்டுறது செக்கனுக்கு 56 கிலோபிட் வேகம். ஒரே சாமான் இல்ல! அந்த மலிவுக் கார்டுல மோடம் செய்யவேண்டிய வேலையக் கம்ப்யூட்டர்ட ப்ரொசெசர்தான் இழுக்குது, வின்மோடம் எண்டு சொல்றது அதத்தான், எங்கட பழைய பென்டியம் ரெண்டுல பாட்டு ஒண்டப் போட்டுட்டு மெயில் பார்த்தா பாட்டும் இழுபடும் லைனும் கட்டாகும். விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுப் பார்த்தன், கார்ட் இருக்கிறதே அதுக்குத் தெரியல்ல. மறுகா ஐப்பசி மாசத்து இடியோட அதுவும் முடிஞ்சு. கரண்ட் ப்ளக்கக் கழட்டித்தான் வச்சிருந்தன், டெலிபோன் வயரை மறந்துட்டன், இடி அதாலதான் உள்ளுக்கு வந்திரிக்கு. ரெண்டையும் கழட்டுங்க.

இப்ப இரிக்கிறது யு.எஸ். ரோபோட்டிக்ஸ் வெளி மோடம், கம்ப்யூட்டர்ட பின்னுக்கு இரிக்கிற சீரியல் போர்ட்டுல வயரால கொழுவுறது. கார்டை விட மூண்டு மடங்கு காசு, ஆனா மனசுக்குக் குறையில்ல. வேலையெல்லாம் அதுக்குள்ளயே நடக்குது, கம்ப்யூட்டர் பாரமாகிறல்ல, லினக்ஸுலயும் உடன பிடிச்சிட்டு. எனக்குப் பெரிய உதவி முன்னுக்கு இரிக்கிற லைட்டுகள்தான், சிடி எண்டு போட்ட லைட் எரிஞ்சா லைன் பிடிச்சிட்டு, ஆர்டி எண்டு போட்டது துடிச்சா ஏதோ வந்துகொண்டிரிக்கு, பக்கம் திறக்காம நிக்கக்குள்ள பிழை எங்க எண்டு அதப் பார்த்தே ஒரு மட்டுக்கு விளங்கும்.

வேகம் பற்றி. 56 எண்டு பெட்டியில போட்டிருந்தாலும் அது முழுசா வராது. விண்டோஸ் 115.2 எண்டு காட்டினா நம்பாதீங்க, அது கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் இடையில உள்ள வேகம். எங்களுக்கு முதல்ல 31.2 தான் வந்திச்சு, 33.6 இல்லாட்டி அதுக்குக் கீழ எண்டா அநேகமா 56 கே வேகத்துக்கான வி.90 முறை பிடிக்காம பழைய வி.34 முறைக்கு இறங்கிட்டு எண்டு அர்த்தம். ரிசீவரத் தூக்கிக் கேட்டா ஒரே கரகரப்பு. விறாந்தையில டெலிபோன் வயர் வாற சின்னப் பெட்டியத் திறந்து பார்த்தன், கடல் காத்துக்குக் கம்பி மூட்டு பச்சை பிடிச்சுக் கிடக்கு. அத வெட்டி, சுரண்டி, புதுசா முறுக்கிப் பூட்டினன், அண்டைக்கே 44 காட்டினது. 1 எம்பி பைல் இறங்க அஞ்சு நிமிசம் கிட்டப் போன இடத்துல இப்ப மூண்டரை. மோடம் மாத்த முதல் லைனப் பாருங்க எண்டுறது இதுக்குத்தான்.

வி.90க்கு அடுத்து வந்த வி.92 முறை உள்ள மோடம் எண்டு கூடக் காசு கேட்டா யோசிங்க. கோல் வந்தா இன்டர்நெட்ட வெட்டாம நிப்பாட்டி வச்சுக் கதைக்கலாம் எண்டுறது அதுலதான், ஆனா லைனுக்கு கோல் வெயிட்டிங்கும் வேணும், கனெக்ஷன் தாறவங்களும் அதுக்கு ஆயத்தமா இரிக்கணும், எங்கட கனெக்ஷன்ல அது சரிவரல்ல. கட்டார்ல இரிக்கிற அண்ணன் வெள்ளிக்கிழமை பின்னேரம் எடுப்பாரு, அந்த நேரம் நான் கனெக்ட் பண்றதே இல்ல.

டயல் பண்ணக்குள்ள வாற கீச்சுச் சத்தத்த முதல் கிழமை நிப்பாட்ட வேணா, லைன் எங்கேஜா நம்பர் பிழையா எண்டு காதாலயே தெரியும். பிறகு மோடம் செட்டிங்ல கூடுதல் கட்டளை எழுதுற இடத்துல ஏடிஎம்0 (ATM0) எண்டு அடிங்க, சத்தம் நிண்டுடும், இரவு பதினொரு மணிக்கு கனெக்ட் பண்ணினாலும் அம்மா எழும்ப மாட்டா.