ஈரோட்டு லாரி ஷெட்டுகளுடன் 40 ஆண்டுகள்: ஒரு ஜமக்காள வியாபாரியின் அனுபவம்

பவானியில் 1984 முதல் ஜமக்காள வியாபாரம் செய்து வருகிறேன். மதுரை, தஞ்சாவூர், நாகர்கோவில் கடைகளுக்கு எங்கள் சரக்கைக் கொண்டு சேர்த்தவை ஈரோட்டில் இருந்த சிறிய பார்சல் லாரி நிறுவனங்கள்தான். இரண்டு மூன்று லாரிகள், தகரக் கூரை போட்ட ஒரு ஷெட், ஒரு தராசு, ஒரு கணக்கர் என்ற அளவில் குடும்பத் தொழிலாக நடந்தவை அவை. இன்று அவற்றில் பல இல்லை. ஒரு லாரி நிறுவனம் நல்லதா என்று தெரிந்துகொள்ள வண்டியையும் வாடகையையும் பார்த்தால் போதாது, லோடு கட்டும் விதத்தைப் பார்க்க வேண்டும் என்பதே இத்தனை ஆண்டுகளில் நான் கண்டது.

ஈரோட்டில் புறப்படும் பார்சல் லாரியில் மஞ்சள் மூட்டையும் ஏறும், காங்கயம் பக்கத்துத் தேங்காய் எண்ணெய் டின்னும் ஏறும், எங்கள் சிப்பமும் ஏறும். பருத்தி ஜமக்காளத்துக்கு முதல் இரண்டும் ஆகாது. மஞ்சள் தூள் படிந்தால் கறை முழுதாகப் போகாது, எண்ணெய் கசிந்துவிட்டால் அந்தச் சிப்பத்தை விற்கவே முடியாது. கடைசியில் இறங்க வேண்டிய ஊரின் சரக்கு முதலில் ஏற வேண்டும், கனமான சரக்கு அடியில் இருக்க வேண்டும் என்ற இரண்டு விதிகளும் பெரும்பாலான நாட்களில் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். நாங்கள் வழக்கமாகச் சரக்குப் போட்ட ஷெட்டில் இருந்த மேஸ்திரி, ஒவ்வொரு சிப்பத்தையும் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்து, கோணித் தையல் தளர்ந்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். பிறகு அதன் முகத்தில் சாக்பீஸால் ‘நா’, ‘ம’, ‘தி’ என்று ஊரின் முதல் எழுத்தை எழுதி, எண்ணெய் டின்களுக்கும் துணிக்கும் நடுவில் வெற்றுச் சாக்குகளைத் திணித்து, தார்ப்பாயை இழுத்துக் கயிறு கட்டும் வரை அந்த இடத்தைவிட்டு அசைய மாட்டார். ‘கொக்கி போடாதீர்’ என்று நாங்கள் தகர அச்சு வைத்து மை பூசி அனுப்பியதை மதித்து, சுமை தூக்குபவர்களைக் கையாலேயே தூக்க வைத்தவரும் அவர்தான்.

வண்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்று ஷெட்டில் நின்றவை எண்ணூரில் தயாரான அசோக் லேலண்ட் காமெட்டும் டாட்டா லாரியும்தான். டாட்டாவுக்கு டெய்ம்லர்-பென்ஸ் நிறுவனத்துடன் 1954இல் ஏற்பட்ட கூட்டு 1969இல் முடிந்துவிட்டது. ஆனாலும் பழைய ஓட்டுநர்கள் அதைப் ‘பென்ஸ் வண்டி’ என்றே வெகு காலம் அழைத்தார்கள். தொழிற்சாலையிலிருந்து சேஸிஸ் மட்டுமே வரும். கேபினையும் பாடியையும் மரத்தில் அடித்துப் பூட்டியவர்கள் நாமக்கல், சங்ககிரிப் பட்டறைக்காரர்கள். எங்கள் சரக்குக்கு அந்த மரத் தளம் நன்றாக ஒத்துப்போனது; பலகை பெயர்ந்து ஆணி தலைகாட்டிய வண்டி வந்தால் மட்டும் நாங்களே தடித்த சாக்கை விரிக்கச் சொல்வோம்.

பணம் கைக்கு வருவது எல்.ஆர். எனப்படும் லாரி ரசீதை நம்பி இருந்தது. புதிய கடைக்காரருக்கு அனுப்பும்போது மூல எல்.ஆரை வங்கி மூலம் அனுப்புவோம். அவர் வங்கியில் பணத்தைக் கட்டி அதைப் பெற்றுக்கொண்டு போய்க் காட்டினால்தான் ஷெட்டில் சரக்கு கொடுப்பார்கள். இந்திய வங்கிகள் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் ரசீதைத்தான் வங்கிகள் கேட்டன. எங்கள் சிறிய நிறுவனங்களுக்கு அது இல்லாததால், அப்படிப்பட்ட சரக்கை மட்டும் மனமில்லாமல் பெரிய நிறுவனங்களில் போட்டோம்.

எல்லா ஷெட்டுகளும் ஒரே தரம் அல்ல. ஓர் ஐப்பசி மாதத்தில் அவசரத்துக்காக வேறொரு நிறுவனத்தில் மூன்று சிப்பம் போட்டேன். தார்ப்பாய்க் கிழிசல் வழியாக மழை இறங்கி, சிவப்புப் பட்டையின் சாயம் பச்சைப் பட்டையில் ஊறிவிட்டது. ‘உடைமையாளர் பொறுப்பில்’ என்று ரசீதில் அச்சிட்டிருப்பதைக் காட்டிக் கைவிரித்தார்கள். சரக்குச் சேதமானால், கவனக்குறைவு இருந்தது என்று அனுப்பியவர் நிரூபிக்கத் தேவையில்லை என சரக்கு ஏற்றிச் செல்பவர்களுக்கான 1865ஆம் ஆண்டின் சட்டம் அப்போதே சொன்னது. ஆனால் எங்கள் கடைக்காரர் சிப்பத்தைப் பிரித்துப் பார்க்காமல், ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தார். அதற்குமேல் எங்களால் வாதாட முடியவில்லை. ஈரம் தெரிந்தாலோ தையல் பிரிந்திருந்தாலோ ஓப்பன் டெலிவரி, அதாவது சிப்பத்தைப் பிரித்துப் பார்த்து வாங்கும் முறை, கேட்டு, சேதத்தை ஷெட்டிலேயே எழுதி வாங்கிய பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும் என்று அன்று முதல் ஒவ்வொரு கடைக்காரருக்கும் சொல்லி வருகிறேன்.

இப்போது மாநிலம் முழுவதும் கிளைகள் உள்ள நிறுவனங்களில்தான் அனுப்புகிறேன். 2017இல் ஜி.எஸ்.டி. வந்து எல்லைச் சோதனைச் சாவடிகள் போன பிறகு வெளிமாநிலச் சரக்கு தெளிவாகவே வேகமாகச் சேர்கிறது. வண்டி எங்கே இருக்கிறது என்பதும் கைபேசியில் தெரிகிறது. ஆனால் வழியில் வண்டி மாற்றி ஏற்றுவதால் ஒரே சிப்பம் பல கை மாறுகிறது. பக்கத்தில் என்ன சரக்கு இருக்கிறது என்று பார்ப்பவர் யாரும் இல்லை. பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த 2007ஆம் ஆண்டுச் சட்டம் 2011 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி, மதிப்பை எழுதிக் கொடுக்காத சரக்குக்கு இழப்பீடு வாடகையைப் போல் பத்து மடங்குதான். 300 ரூபாய் வாடகை கொடுத்து 15,000 ரூபாய் ஜமக்காளம் அனுப்புபவருக்கு அதிகபட்சம் 3,000 ரூபாய்தான் கிடைக்கும் என்பதால், கூடுதல் கட்டணம் கேட்டாலும் மதிப்பை எழுதியே நான் சரக்குப் போடுகிறேன்.

சென்ற மாதம் நாகர்கோவிலுக்குப் போன சிப்பத்தில் பார்கோடு ஒட்டினார்கள். அதற்குப் பக்கத்தில் சாக்பீஸால் ‘நா’ என்று நானே பெரிதாக எழுதிவிட்டு வந்தேன்.